மாட்டக் கூடாத முன்சக்கரம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் க்ளைவ் தன் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி முடித்துவிட்டார். ஒரு சிக்கலும் வரவில்லை. அதுதான் பெரிய சிக்கல்.

நாற்பது வருஷத்தில் அந்தச் சக்கரம் ஒரு தடவையாவது சண்டை போடாமல் கழன்றிருக்கிறதா? போல்ட் துருப்பிடித்திருக்கும். சக்கரத்தின் நடுவே செருகிய ஆக்ஸில் கம்பி வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய், சுத்தியல், கெட்ட வார்த்தை மூன்றும் சேர்ந்தால்தான் அசையும். அதை நம்பித்தான் இன்று ஷெட்டுக்குள் போனார். எஞ்சினுக்கு அடியில் பலகை கொடுத்து ஜாக்கியால் தூக்கினார். பிரேக்கைக் கழற்றி, அதன் குழாய் இழுபடாமல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். செய்வது தில்லுமுல்லு என்றாலும் க்ளைவ் அதை ஒழுங்காகத்தான் செய்வார். கடைசியாக ஆக்ஸிலை ஒரு தட்டுத் தட்டினார். வாழைப்பழத்தில் ஊசி இறங்குகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்து கையில் நின்றது.

"துரோகி," என்றார் ஆக்ஸிலைப் பார்த்து.

நாளைக் காலை எட்டு மணிக்கு அவர்கள் ஊரான விண்யார்டிலிருந்து மூன்று மோட்டார் சைக்கிள்கள் கிளம்பியாக வேண்டும். க்ளைவ், நெவில், டஸ்டி. மூன்று பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒரே வருஷம், ஒரே கடையில், ஒரே மாடல் வண்டி வாங்கியவர்கள். நான்காவது ஆள் பாஸில். ஆகஸ்ட் மாதம் டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே, தன் அணி தோற்பதற்கு இரண்டு நிமிஷம் முன்னால், நாற்காலியிலேயே போய்விட்டார். அவர் எழுதி வைத்திருந்த கடிதத்தில் இருந்ததெல்லாம் இவ்வளவுதான்: 'என் பிறந்தநாள் அன்று என் சாம்பலை ஹெல்யர் பள்ளத்தாக்கு வழியாகக் கொரின்னாவுக்குக் கொண்டுபோய்ப் பைமன் ஆற்றில் கரையுங்கள். மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும். காரில் கொண்டுபோனால் பின்சீட்டில் எழுந்து உட்காருவேன்.'

பிறந்தநாள் நாளைக்கு. பாஸிலின் மனைவி கோரல் படகுக்குச் சொல்லியாகிவிட்டது. பாஸிலின் தங்கை பெர்த்திலிருந்து வந்து இறங்கியாகிவிட்டது.

போன வருஷம் அதே ஹெல்யர் பாதையில், ஒரு வளைவில், நனைந்து கிடந்த மரப்பட்டை மேல் க்ளைவின் முன்சக்கரம் வழுக்கியது. வண்டி சாயவில்லை, அவரும் விழவில்லை. எதிரே வந்த மர லாரி ஒரு முழம் தள்ளிப் போயிற்று. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு முழம் அவருக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்கப்புறம் எந்த வளைவைப் பார்த்தாலும் உள்ளங்கை வேர்த்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தடபுடலாகக் கிளம்புவார். முந்நூறு கஜம் தள்ளி, கால்பந்து மைதானத்துக்குப் பின்னால் நிறுத்துவார். அங்கே உட்கார்ந்து பிளாஸ்க்கில் இருக்கும் தேநீரைக் குடித்து, பேப்பரில் குறுக்கெழுத்தைப் போட்டு முடித்து, இரண்டு மணி நேரம் கழித்து வீடு திரும்புவார்.

"எப்படி இருந்துச்சு?" என்பாள் மனைவி ரெய்லீன்.

"அருமை," என்பார்.

பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம்தான். யாரிடம் சொல்வது? நெவிலிடமா? தன் கறிக்கடையில் விரல் நுனி துண்டானபோது, அதை உறையவைத்த பட்டாணிப் பொட்டலத்தோடு கட்டிக்கொண்டு தானே வண்டியோட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவன். டஸ்டியிடமா? அதே ஹெல்யர் பாதையில் முப்பது வருஷம் மர லாரியே ஓட்டியவன். அவர்களிடம் போய் எப்படிச் சொல்வது?

ஆகவே வண்டிதான் பழியை ஏற்க வேண்டும். கழன்ற சக்கரம் மறுபடி மாட்ட முடியாமல் போக வேண்டும். அதற்கு ஒரு காரணம் வேண்டும்.

சக்கரத்தோடு ஒரு சின்ன இரும்பு வளையம் வந்திருந்தது. க்ளைவ் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரெய்லீன்! ஸ்பேசரைக் காணோம்!"

ரெய்லீன் மாவுக் கையோடு ஓடி வந்தாள். நாளைக்கு எடுத்துப்போக முட்டையும் பன்றிக்கறியும் பொதிந்த மாவுப் பண்டம் ஒன்று அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

"எதைக் காணோம்?"

"ஸ்பேசர். சக்கரத்துக்கும் அதைப் பிடிச்சுக்கிற ஃபோர்க்குக்கும் நடுவுல வர்ற வளையம். அது இல்லாம மாட்டவே முடியாது. இந்தக் காலத்துல இந்த வண்டிக்கு எங்க கிடைக்கும்? நாளைக்கு என்ன பண்றதுன்னே தெரியல." நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். பெருமூச்சு நன்றாகவே வந்தது.

ரெய்லீன் மண்டியிட்டு ஜாக்கிக்கு அடியில் பார்த்தாள். பெஞ்சுக்குக் கீழே துடைப்பத்தை விட்டுக் குடைந்தாள். எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு க்ளைவைப் பார்த்தாள். அவள் பார்வை மெதுவாக இறங்கி அவர் மார்பில் நின்றது.

"க்ளைவ்."

"என்ன?"

"உன் சட்டைப் பையில என்ன அது, வட்டமா?"

க்ளைவ் கையை விட்டு எடுத்தார். வேறு வழியில்லை.

"மூக்குக் கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுற ஆளுதானே நீ," என்று மாவுக் கையால் அவர் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள் ரெய்லீன். "நல்லவேளை, நான் வந்தேன்."

அடுத்தது பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். யாருடைய பையிலும் அகப்படாததாக.

சக்கரத்தின் நடுவில் இரண்டு பேரிங். விரல் விட்டுச் சுற்றிப் பார்த்தார். வெண்ணெயில் வழுக்குகிற மாதிரிச் சுற்றின. போன வருஷம்தான் போட்டது. நீளமான உளியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தார். நல்ல பேரிங்கை அடித்து வெளியே எடுப்பது, தூங்குகிற நாயை எட்டி உதைப்பது போலத்தான். ஒவ்வொரு அடிக்கும் அவருக்கே வலித்தது.

இரண்டாவது பேரிங் வெளியே விழுந்தபோது வேலிக்கு மேல் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டு வில்லெம். ஹாலந்திலிருந்து சின்ன வயதில் வந்து, பால் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஷெட்டில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அது மாட்டுகிற இடம் தெரியச் சுவரில் தனித்தனியாக நிழல் வரைந்திருக்கும்.

"என்ன க்ளைவ், பேரிங்கைப் போட்டு இந்த அடி அடிக்கிறே? என் காதுக்கே பொறுக்கல."

"தேஞ்சு போச்சு வில்லெம். கடகடன்னு சத்தம். இனிமே ஆர்டர் போட்டு வரணும். ஒரு வாரம் ஆகும்."

"நம்பர் என்ன?"

க்ளைவ் பேரிங்கைத் துணியால் மூடினார். "அழிஞ்சுபோச்சு."

"இங்க குடு." வில்லெம் வேலிக்கு மேலாகக் கையை நீட்டி வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அழியலையே. பளிச்சுன்னு இருக்கே. இரு."

தலை மறைந்தது. கடவுளே, இல்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டார் க்ளைவ். கடைசியாகக் கடவுளிடம் எதையாவது கேட்டது அந்த மர லாரி வந்த அன்றைக்குத்தான்.

வில்லெம் இந்த முறை வேலியைச் சுற்றி வாசல் வழியாகவே வந்தார். கையில் காகிதம்கூடப் பிரிக்காத நான்கு பேரிங்.

"பால் பம்ப்புக்கும் இதே அளவுதான். ரெய்லீன்! உன் ஃப்ரீசர்ல கொஞ்சம் இடம் வேணும்."

பேரிங் சுருங்கட்டும் என்று அரை மணி நேரம் மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில் குளிர்ந்தது. அந்த நேரத்தில் வில்லெம் சூடான காற்றை அடித்துச் சக்கரத்தின் நடுப்பகுதியைச் சூடாக்கினார். பிறகு பேரிங்கை எடுத்து வைத்தார். சுத்தியலே தேவைப்படவில்லை. 'டப்' என்று தானாகவே உள்ளே போய் உட்கார்ந்தது. க்ளைவ் வாழ்க்கையில் கேட்ட மிகத் துக்கமான சத்தம் அதுதான்.

"நன்றியெல்லாம் வேண்டாம்," என்றார் வில்லெம், க்ளைவின் முகத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு. "பாஸில் எனக்கும் சிநேகிதன்தான்."

மணி பன்னிரண்டு. ரெய்லீன் கொண்டுவந்து வைத்த சாண்ட்விச்சைக் க்ளைவ் தொடவில்லை. சக்கரம் தயார். வளையம் தயார். மிச்சமிருப்பது ஆக்ஸில் ஒன்றுதான். பெஞ்சின் மேல், காலையில் அவர் துடைத்து வைத்தபடி, மின்னிக்கொண்டு கிடந்தது.

க்ளைவ் ஷெட் கதவைச் சாத்தினார். ஆக்ஸிலின் ஒரு நுனியை, பெஞ்சில் பொருத்திய பல் வைத்த இடுக்கியான வைஸில் வைத்து இறுக்கினார். மறு நுனியில் நாலடி இரும்புக் குழாயைச் செருகினார். இதுவரை ஒரு ஸ்க்ரூடிரைவரை உளியாகக்கூட உபயோகித்ததில்லை அவர். "மன்னிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு, குழாயின் மேல் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினார்.

ஆக்ஸில் முனகியது. பிறகு வளைந்தது.

நெவிலுக்குப் போன் போட்டார்.

"நெவில், ஒரு கெட்ட செய்தி. என் ஆக்ஸில் வளைஞ்சுபோச்சுடா."

மறுமுனையில் ஏதோ கீழே விழும் சத்தம்.

"நெவில்? இருக்கியா?"

"எந்த அளவுக்கு?" நெவிலின் குரலில் ஏதோ ஒரு பரபரப்பு.

"வில்லு மாதிரி. நாளைக்கு நான் வண்டியில வர்றது நடக்காது. நீயும் டஸ்டியும்தான்..."

"கவலையே படாதே!" நெவில் கத்தினார். "என்னோடதைத் தர்றேன்! ஒரே மாடல்தானே. நீ ஓட்டிட்டுப் போ, நான் கோரலோட கார்ல வந்துக்கிறேன்."

"டேய், டேய், வேணாம்!"

"பேசாதே. பாஸிலுக்காக இதுகூடச் செய்யலேன்னா நான் என்ன மனுஷன்? அஞ்சு நிமிஷத்துல ஆக்ஸில் உன் வீட்டுல இருக்கும்."

"அஞ்சு நிமிஷத்துல எப்படிடா கழட்டுவே?"

மறுமுனையில் ஒரு செருமல். "நான் வேகமா கழட்டுவேன்," என்றார் நெவில்.

க்ளைவ் போனை வைத்த இரண்டாவது நிமிஷம் டஸ்டியின் அழைப்பு வந்துவிட்டது.

"அந்தக் கசாப்புக்காரன் இப்பத்தான் சொன்னான். அவன் பேச்சைக் கேக்காதே. அவன்தான் முன்னாடி வழிகாட்டிப் போகணும். என்னோடதை எடுத்துக்கோ."

"டஸ்டி, உன்னோடதை எடுத்துட்டா நீ எப்படி வருவே?"

"நான் வராட்டி என்ன? எனக்கு அந்த ரோடு பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போச்சு. உனக்கு வேணும்னா சக்கரத்தோட மொத்தமா எடுத்துக்கோ. ஃபோர்க்கும் வேணுமா?"

"எனக்கு எதுவுமே வேணாம்! நீங்க ரெண்டு பேரும் வண்டியில போங்க. நான் கார்ல வர்றேன்."

"அது எப்படி? வளைஞ்சது உன் ஆக்ஸில். அதுக்கு நீ ஏன் கார்ல உக்காந்து கஷ்டப்படணும்?"

க்ளைவ் போனை அணைத்துவிட்டுப் பால் கிரேட் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். செத்துப்போன சிநேகிதனுக்காகத் தங்கள் வண்டியையே பிரித்துத் தரத் தயாராக இருக்கிறார்கள் இரண்டு பேர். இங்கே ஒருவன், நல்ல ஆக்ஸிலை வைஸில் வைத்து வளைத்துக்கொண்டிருக்கிறான். தலையைக் குனிந்துகொண்டார். காதெல்லாம் சுட்டது.

கதவு திறந்தது. ரெய்லீன்.

"எல்லாம் கேட்டேன்," என்றாள். கண் கலங்கியிருந்தது. "பாவம், வண்டியைப் பிரிக்க வேணாம்னு அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். ப்ரோன்வினுக்குப் போன் பண்ணிட்டேன். இந்தப் பக்கம்தான் இருக்காளாம். வர்றா."

ப்ரோன்வின் வீடு தேடி வந்து வண்டி பழுது பார்ப்பவள். முப்பது வயது, தோள் வரைக்கும் கிரீஸ், வேனுக்குள் ஒரு பட்டறையே இருக்கும். கரையோர ஊர்களில் இரண்டு சக்கரத்தில் ஓடுகிற எதற்கும் அவள்தான் டாக்டர். ஒன்றரை மணிக்கு வந்து இறங்கினாள். வளைந்த ஆக்ஸிலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்படி வளைஞ்சது?"

"ஓடி ஓடித்தான்," என்றார் க்ளைவ்.

ப்ரோன்வினின் கட்டைவிரல் ஆக்ஸிலின் நுனியில் நின்றது. அங்கே வரிசையாக ஏழெட்டுப் பல் தடம். பெஞ்சில் இருந்த வைஸைப் பார்த்தாள். அதில் சாய்த்து வைத்திருந்த நாலடிக் குழாயைப் பார்த்தாள். க்ளைவைப் பார்த்தாள். க்ளைவ் கூரையைப் பார்த்தார்.

"என்னம்மா, ஏதாவது மோசமா?" என்றாள் ரெய்லீன்.

"பழைய இரும்பு," என்றாள் ப்ரோன்வின் கடைசியில். "சில சமயம் இப்படித்தான் மனசு விட்டுப்போகும்."

வேனுக்குப் போனாள். உடைத்துப் போட்ட வண்டி ஒன்றிலிருந்து எடுத்த ஆக்ஸிலோடு திரும்பி வந்தாள். அம்பு போல நேராக இருந்தது. "இதே மாடல். பொருந்தும்."

அப்புறம் எல்லாம் கனவில் நடப்பது போல நடந்தது. சக்கரம் தூக்கப்பட்டது. வளையம் உட்கார்ந்தது. ஆக்ஸில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பிரேக் பூட்டப்பட்டது. ஸ்பேனர் 'க்ளிக், க்ளிக்' என்றது. ஒவ்வொரு க்ளிக்குக்கும் க்ளைவ் ஹெல்யர் பாதையில் ஒரு வளைவைக் கடந்துகொண்டிருந்தார். ப்ரோன்வின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். அது நிற்கவே நிற்காது போலச் சத்தமில்லாமல் சுழன்றது.

"பிரமாதம்!" என்று கை தட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடினாள் ரெய்லீன். திரும்பி வந்தபோது அவள் கையில் பச்சை மூடி போட்ட ஒரு ஜாடி இருந்தது. "காலையில கோரல் குடுத்துட்டுப் போனா. மூணு பேர்ல நீதான் நிதானமா ஓட்டுவியாம், பாஸில் உன் வண்டியிலதான் வரணுமாம். வண்டியில கட்டிப் பார்த்துடலாம், ஆடாம இருக்கான்னு. பிடி."

ஜாடியைக் க்ளைவின் கையில் வைத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. பாஸில் எப்போதுமே எடை போட்ட ஆள்தான்.

க்ளைவ் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜாடி நடுங்கியது. மூடி கடகடவென்று தந்தி அடித்தது.

"என்னால முடியாது ரெய்லீன்."

"என்ன முடியாது? கனமா இருக்கா?"

"ஓட்ட முடியாது. எனக்குப் பயமா இருக்கு." ஆரம்பித்ததும் நிற்கவில்லை. "வளையத்தைப் பையில போட்டது நான்தான். பேரிங் நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் அடிச்சு எடுத்தேன். ஆக்ஸிலை நான்தான் வளைச்சேன். போன வருஷம் ஒரு லாரி ஒரு முழத்துல போச்சு. அதுலேருந்து நான் எங்கேயுமே போகல."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போனியே?"

"மைதானத்துக்குப் பின்னாடி."

"ரெண்டு மணி நேரமா?"

"குறுக்கெழுத்து போட்டுட்டு இருந்தேன்."

ரெய்லீன் கிரேட்டின் மேல் மெல்ல உட்கார்ந்தாள். அடிக்கப் போகிறாளா, அழப் போகிறாளா என்று தெரியவில்லை. க்ளைவ் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஒரு வருஷமா," என்றாள் அவள், "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த ரெண்டு மணி நேரம் நான் சமையலறை ஜன்னலை விட்டு நகரல. எப்ப ஆம்புலன்ஸ் சத்தம் கேக்குமோன்னு. போகாதேன்னு சொன்னா உன் மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிட்டு நின்னேன். நீ முந்நூறு கஜத்துல தேநீர் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கே."

"சொல்லியிருக்கணும்."

"நானும்தான் சொல்லியிருக்கணும்." அவள் ஏப்ரனால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மூக்கில் கொஞ்சம் மாவு ஒட்டிக்கொண்டது. "சரி, இப்ப என்ன பண்றது? நாளைக்குப் பாஸிலை யார் கொண்டுபோறது?"

"நெவிலும் டஸ்டியும் போவாங்க. அவங்களுக்கு என்ன, பயம்னா என்னன்னே தெரியாத ஜென்மங்க. ஆக்ஸிலையே உருவித் தர்றேன்னாங்க, நீயே கேட்டியே." க்ளைவின் குரல் உடைந்தது. "இப்ப அவங்களுக்குப் போன் பண்ணி, நான் ஒரு கோழைன்னு சொல்லிடப் போறேன். இனிமே அவங்க என் மூஞ்சியில எப்படி முழிப்பாங்களோ, நான் அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேனோ."

இவ்வளவு நேரமும் ப்ரோன்வின் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே ஸ்பேனரை ஐந்தாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

"ஒருத்தர் வண்டி சமாச்சாரத்தை இன்னொருத்தர் வீட்டுல நான் பேசுறது வழக்கமில்ல," என்றாள். "ஆனா புதன்கிழமை டஸ்டிக்கும் நேத்து நெவிலுக்கும் இதே மாதிரி கழட்டிப்போட்ட முன்சக்கரத்தை மாட்டிக் குடுத்தேன், இன்னிக்குக் காலையில ரெண்டு பேரும் மறுபடியும் கழட்டிட்டாங்கன்னு அவங்க வீட்டம்மாங்க போன் பண்ணியிருக்காங்க, இங்கேருந்து நேரா அங்கதான் போறேன்."